தாமதித்தாலும் காத்திரு: வாசகர் கேள்வி, போதகர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒரே பாரத்தைச் சுமந்து வந்திருந்தன. மூன்றையும் ஜெபத்தோடு பலமுறை வாசித்தேன். அவற்றுக்கு இரண்டு வரியில் பதில் எழுதுவது நியாயமாகாது என்று தோன்றியதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். அந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, எனக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், “கனிதரும் திராட்சக்கொடியைப்போல் இருப்பாள்” என்ற வசனம் வந்தது. அதை வேதாகமத்துக்குள் வைத்து, தினமும் எடுத்துப் பார்த்து ஜெபிக்கிறேன். இப்போது மருத்துவர் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை செய்துபார்க்கலாம் என்கிறார். என் மாமியாரோ, “கர்த்தர் தம்முடைய வேளையில் தருவார், அவசரப்பட்டு ஒரு இஸ்மவேலைப் பெற்றுக்கொள்ளாதே” என்கிறார். எனக்கு 34 வயது. சிகிச்சைக்குப் போவது அவிசுவாசமா? கர்த்தருடைய வேளை என்பதை எப்படி அறிவது?
ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு பெயரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இஸ்மவேல் என்ற பெயரை நம்முடைய சபைகளில் அவசரத்துக்கும் அவிசுவாசத்துக்கும் அடையாளமாகச் சொல்லிச் சொல்லி, அது, வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளைக்குக் காத்திராமல் ஆபிரகாம் தன் மனைவி சாராளின் அடிமைப்பெண் ஆகாரிடம் பெற்ற ஒரு பிள்ளையின் பெயர் என்பதையே மறந்துவிட்டோம். அந்தப் பெயரை முதலில் சொன்னது சாராளும் அல்ல, ஆபிரகாமும் அல்ல. வனாந்தரத்தில் ஒரு நீரூற்றருகே இருந்த ஆகாரிடம் கர்த்தருடைய தூதன் வந்து, கர்த்தர் உன் அங்கலாய்ப்பைக் கேட்டார் என்று சொல்லி அந்தப் பெயரைக் கொடுத்தார். ‘தேவன் கேட்பார்’ என்பதே அதன் பொருள். அந்தப் பிள்ளைக்கும் தேவன் ஆசீர்வாதத்தை வைத்திருந்தார். ஆபிரகாமின் கூடாரத்தில் நடந்த தவறு, குழந்தைக்காக ஒரு வழியைத் தேடியது அன்று. அடிமையாயிருந்த ஒரு பெண்ணை, அவளுடைய மனதை ஒருவரும் கேளாமல், ஒரு கருவியைப்போல் எடுத்துப் பயன்படுத்தி, அவள் கர்ப்பமான பிறகு கடினமாய் நடத்தியதே அந்தத் தவறு. நீங்களும் உங்கள் கணவரும் ஒருவருக்கொருவர் உண்மையுள்ளவர்களாக மருத்துவரிடம் போய் நிற்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம், நீங்கள் கர்த்தருடைய வேளைக்கு முந்திக்கொள்ளுகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லுவதில்லை. சிகிச்சையில் உங்கள் மனச்சாட்சியைத் தொடுகிற காரியங்கள் சில உண்டு. குறிப்பாக, உருவாகும் கருக்களை என்ன செய்வார்கள் என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே, கூச்சப்படாமல் கேட்டுத் தெளிவடைய வேண்டும். சோதனைகளுக்கு உங்கள் கணவரும் கட்டாயம் வர வேண்டும், காரணம் ஆணிடத்திலும் இருக்கக்கூடும். எத்தனை முறை முயலுவது, எவ்வளவு செலவிடுவது என்பதை இருவரும் முதலிலேயே பேசி ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை அடகு வைக்கிற அளவுக்குப் போக வேண்டாம் என்று ஒரு தகப்பனைப்போலச் சொல்லுகிறேன்.

இனி அந்த அட்டையைக் குறித்து. இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதாமல் இருப்பது உங்களுக்குச் செய்யும் வஞ்சனையாகும். பல ஆண்டுகள் டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவில் பீடத்தின் படியில் நின்று, வாக்குத்தத்த அட்டைகள் நிறைந்த பித்தளைத் தட்டைப் பிடித்தவன் நான். அந்த அட்டைகள் புத்தகக் கடையில் கட்டுக்கட்டாக வருகின்றன. ஒரே வசனம் ஒரு கட்டில் பல முறை இருக்கும். சபையார் வரிசையாக வந்து, கண்ணை மூடி, நடுக்கத்தோடு ஒன்றை எடுத்து, தூணோரமாய் ஒதுங்கி நின்று விளக்கு வெளிச்சத்தில் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் நீங்கள் எடுத்த அதே திராட்சக்கொடி வசனம் எழுபது வயதைக் கடந்த ஒரு விதவைத் தாயாரின் கைக்கும் போயிற்று. அவர் அதை வாசித்துவிட்டு, புன்னகையோடு மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த வசனம் அவருக்கும் தேவவசனமே. ஆனால் அது அவருக்குப் பிள்ளை பிறக்கும் என்ற முன்னறிவிப்பு அன்று. அந்த வசனம் வருகிற சங்கீதம் 128, கர்த்தருக்குப் பயந்து நடக்கிறவனுடைய வீட்டின் நன்மையைப் பாடுகிற பாட்டு. தேவன் எப்படிப்பட்டவர், எதில் பிரியப்படுகிறவர் என்பதை அது உங்களுக்குச் சொல்லுகிறது. உங்கள் வீட்டில் இன்ன ஆண்டில் இன்னது நடக்கும் என்று தேதி குறித்துக் கொடுத்த பத்திரமாக அதைக் கையில் பிடித்தால், தேதி கடக்கக் கடக்க நீங்கள் தேவனையே சந்தேகிக்க வேண்டியதாகிவிடும். ஐந்து ஆண்டுகளாக உங்களை அரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

சாராளுக்குக் கிடைத்தது அட்டை அன்று, நேரடியான வார்த்தை. அப்படியிருந்தும் அவர்கள் காத்திருந்த காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆரானை விட்டுப் புறப்படும்போது ஆபிரகாமுக்கு 75 வயது. சாராளிடம் மகன் ஈசாக்கு பிறக்கும்போது 100. இந்த 25 ஆண்டுகளுக்குள்ளே என் மனதை அதிகமாய்த் தொடுவது ஓர் இடைவெளி. ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவருக்கு 86 வயது. 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் 99. நாம் மூச்சு விடாமல் கடந்துபோகிற அந்த வெற்று இடத்துக்குள் 13 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளில் தேவன் பேசியதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டி, கூடாரத்தைப் பெயர்த்து, மறுபடியும் அடித்து, மாவு பிசைந்து, அப்பம் சுட்டு, பையன் ஒருவன் வளருவதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் வாழ்ந்திருப்பார்கள். தேவன் மௌனமாயிருந்த காலம் அது. ஆனால் அவர்களை விட்டுப்போன காலம் அன்று. இப்போது நீங்கள் இருப்பதும் அப்படிப்பட்ட ஒரு வெற்று இடத்தில்தான் என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். குழந்தையில்லாத வீட்டைப் பார்த்து, “ஏதோ மறைவான பாவம் இருக்கும், உபவாசம் போதவில்லை” என்று சொல்லுகிற நாவுகள் எல்லாச் சபைகளிலும் உண்டு. லூக்கா அந்த வாயை அடைத்துவைத்திருக்கிறார். சகரியாவும் எலிசபெத்தும் கர்த்தரிட்ட சகல கற்பனைகளின்படியும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள் என்று ஒரு வசனத்தில் எழுதி, அவர்களுக்குப் பிள்ளையில்லாதிருந்தது என்று அதற்கடுத்த வசனத்தில் எழுதுகிறார். இரண்டும் ஒரே வீட்டில் உண்மையாயிருந்தன. ஆலயத்தில் அழுதுகொண்டிருந்த அன்னாளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்த ஆசாரியன் ஏலியைப்போல, உங்கள் கண்ணீரை உங்கள் போதகரோ உறவினரோ தவறாக எடைபோட்டிருந்தால், ஒரு போதகனாக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. கர்த்தருடைய வேளை எது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் வழியும் எனக்குத் தெரியாது. வேதத்தில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அது வந்த பிறகே அதை அறிந்தார்கள். காத்திருக்கிறவர்கள் முறையிடலாம் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். 13ஆம் சங்கீதத்தில் தாவீது ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார், அதை ஒருவரும் அவிசுவாசம் என்று சொல்லுவதில்லை. நீங்களும் கேளுங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவர் பேரப்பிள்ளைக்கு ஏங்குகிறவர், அவருக்குள்ளும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, முடியுமானால் அவரையும் உடன் அழைத்துப்போங்கள். புறப்படுமுன் மூவருமாக முழங்காலில் நில்லுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நற்செய்திக் கூட்டத்தில், ஊழியர் ஒருவர் என் தலைமேல் கைவைத்து, “இரண்டு வருடத்துக்குள் அரசு உத்தியோகம் உன் கைக்கு வரும், கர்த்தர் சொல்லுகிறார்” என்றார். அதை நம்பி, தனியார் பள்ளியில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படித்துவருகிறேன். இரண்டு முறை எழுதியும் தேர்ச்சியில்லை. விசுவாசத்தில் குறைவுபட்டதால்தான் வாக்குத்தத்தம் தவறிப்போயிற்றா?
ஒரு சகோதரர், மதுரை

பதில்: தவறியது உங்கள் விசுவாசம் அன்று, தம்பி. எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். சிதேக்கியா ராஜாவின் நாலாம் வருஷம், ஐந்தாம் மாதத்தில், எருசலேம் ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று கர்த்தருடைய நாமத்தினால் அறிவித்தான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதுதான். எரேமியாவும், “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அவர் அப்படிச் சொன்னதில் நான் கேலியைக் காணவில்லை; தன் ஜனம் சீக்கிரமாய்த் திரும்ப வேண்டும் என்கிற ஏக்கத்தையே காண்கிறேன். ஆனால் அனனியா சொன்னது நடக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இருக்கிறது. அதிலே குறிக்கப்பட்ட காலம் 70 ஆண்டுகள்.

நம்முடைய வாக்குத்தத்த அட்டைகளில் அதிகமாய் அச்சாகும் வசனங்களில் ஒன்று அந்தக் கடிதத்தில்தான் வருகிறது: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அது 11ஆம் வசனம். 70 ஆண்டுகள் என்று சொல்லுகிற 10ஆம் வசனத்தை அட்டையில் நான் கண்டதில்லை. முப்பது வயதில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒருவர், திரும்பிப்போகும் நாளைத் தம் கண்ணால் காண்பது அரிது. அப்படிப்பட்டவருக்குத் தேவன் கொடுத்த கட்டளை என்ன? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. அனனியாவை நம்பினவன் இரண்டு வருடம்தானே என்று மரம் நடாமல் இருந்திருப்பான். எரேமியாவை நம்பினவன் மரம் நட்டிருப்பான், அதன் பழத்தை அவனுடைய பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள். கோரேசு ராஜா கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்து, அடுத்த ஆண்டு திரும்பிப்போகக் கட்டளையிட்டபோது, எழுந்து புறப்பட ஜனங்கள் இருந்ததற்குக் காரணம், அவர்களுடைய பெற்றோர் அங்கே வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்திருந்ததுதான்.

உங்கள் தலைமேல் கைவைத்தவரின் உள்ளத்தை நான் நியாயந்தீர்க்கவில்லை. ஆனால் உபாகமம் 18ஆம் அதிகாரம் தெளிவாயிருக்கிறது: கர்த்தரின் நாமத்தினாலே சொல்லும் காரியம் நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அப்படிச் சொன்னவனுக்கு நீ பயப்படவேண்டாம். அங்கே பழி கேட்டவன்மேல் சுமத்தப்படவில்லை. ஆகையால் உங்கள்மேல் நீங்கள் சுமத்திக்கொண்டதை இறக்கிவையுங்கள். தேர்வு எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நன்றாகப் படித்து எழுதுங்கள். ஆனால் இந்தக் கல்வியாண்டு தொடங்குமுன் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் பிள்ளைகளும் உங்கள் வாழ்க்கைதான், அரசு உத்தியோகம் வரும்வரை நேரம் போக்குகிற இடம் அன்று.

கேள்வி: எனக்கு 78 வயது. என் மூத்த மகன் 17 ஆண்டுகளுக்கு முன் தகப்பனோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போனான். வெளிநாட்டில் இருக்கிறான் என்று தெரியும், பேச்சு இல்லை. ஆலயமும் ஜெபமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அவன் போன வாரத்தில், “உன் பிள்ளைகளை இரட்சித்துக்கொள்ளுவேன்” என்ற ஏசாயா 49ஆம் அதிகார வசனத்தைக் கர்த்தர் எனக்குக் கொடுத்தார். அவனுடைய பள்ளிக்கூடத் தகரப்பெட்டியைத் துடைத்துவைத்து, அதன்மேல் கைவைத்து ஜெபிக்கிறேன். அவன் திரும்பி வருவதைக் காணாமலேயே அவன் தகப்பனார் மரித்துவிட்டார். நானும் காணாமலே போய்விட்டால், வாக்குத்தத்தம் என்ன ஆகும்?
ஒரு தாயார், நாகர்கோவில்

பதில்: அம்மா, நீங்கள் காண்பீர்களா என்று எனக்குத் தெரியாது. காண வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து ஜெபிக்கிறேன். ஆனால் காணாமல் போனால் வாக்குத்தத்தம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள், அந்தக் கேள்விக்கு வேதத்தில் பதில் இருக்கிறது. எபிரெயர் 11இல் விசுவாச வீரர்களைப் பற்றிச் சொல்லும்போது, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறது. தூரத்திலே கண்டதை எப்படி அணைத்துக்கொள்ள முடியும் என்று நான் வாலிபனாயிருந்தபோது யோசித்ததுண்டு. ஒரு தகரப்பெட்டியின்மேல் கைவைத்து 17 ஆண்டுகள் ஜெபிக்கிற தாய்க்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆபிரகாமுக்குக் கானான் தேசம் முழுவதையும் தருவதாகத் தேவன் சொல்லியிருந்தார். சாராள் 127 வயதில் மரித்தபோது ஆபிரகாமுக்கு 137 வயது; ஆரானை விட்டுப் புறப்பட்டு 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த தேசத்தில் மனைவியை அடக்கம்பண்ண ஒரு குழியளவு நிலம்கூட அவருக்குச் சொந்தமாயில்லை. அவர் அங்கே குடியிருந்த ஏத்தின் புத்திரர் முன்பாக எழுந்து வணங்கி, நான் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன் என்று சொல்லி, மக்பேலா என்னும் குகைக்காகக் கேட்டார். அதன் சொந்தக்காரனான எப்பெரோன் சும்மா தருகிறேன் என்று உபசாரமாய்ச் சொன்னான்; கடைசியில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட தேசத்தில் அவருடைய பெயருக்கு வந்த முதல் நிலம் ஒரு கல்லறை, அதுவும் முழு விலைக்கு. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அவர் நினைத்திருந்தால் சாராளின் சரீரத்தை ஆரானுக்கு, சொந்த ஜனங்களிடம் கொண்டுபோயிருக்கலாம். தேவன் எந்த மண்ணைக் குறித்துப் பேசினாரோ அந்த மண்ணிலேயே அடக்கம்பண்ணினார். பிற்பாடு ஈசாக்கும் யாக்கோபும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். எகிப்தில் மரித்த யாக்கோபு, அந்தக் குகைக்குத் தன்னைக் கொண்டுபோகும்படி பிள்ளைகளிடம் கட்டளையிட்டார்.

உங்கள் கையிலிருக்கிற அந்த வசனமும் இப்படித்தான் உங்களிடம் வந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டைத் தொடங்கி, ரூத்தின் புத்தகம் வரைக்கும் வந்தார். 1719இல், 36ஆம் வயதில், அவர் மரித்தார். தாம் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம்பண்ணப்பட்டார். தமிழ் ஏசாயாவை அவர் காணவில்லை. அவருக்குப் பின் வந்த சூல்ச் மீதியை முடித்து 1728இல் அச்சேற்றினார். அதற்குப் பின்னும் பலர் திருத்தித் திருத்திக் கொடுத்ததே இன்று நம் கையில் இருக்கிறது. நீங்கள் 17 ஆண்டுகளாகப் பற்றிக்கொண்டிருக்கிற 49ஆம் அதிகாரம், அவர் எழுத ஆசைப்பட்டு எழுதாமல் விட்டுப்போன பக்கங்களில் ஒன்று.

இரண்டு காரியங்களை மட்டும் உங்களிடம் வேண்டிக்கொள்ளுகிறேன். மகனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முகவரி தெரியாவிட்டால் உறவினர் மூலமாக அனுப்புங்கள். அதில் வசனம் வேண்டாம், தகப்பனோடு நடந்த சண்டை வேண்டாம், எப்போது வருவாய் என்ற கேள்வியும் வேண்டாம். ஊரில் இந்த ஆண்டு பெய்த மழையைப் பற்றி, வீட்டு மாமரம் காய்த்ததைப் பற்றி, அவனுடைய பெட்டியின் பூட்டு துருப்பிடிக்காமல் இருக்க நீங்கள் எண்ணெய் போடுவதைப் பற்றி எழுதுங்கள். பதில் வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு இன்னொன்று எழுதுங்கள்.

மற்றொன்று, உங்களோடு இருக்கிற பிள்ளைகளிலோ பேரப்பிள்ளைகளிலோ ஒருவரிடம் இந்த ஜெபத்தை ஒப்படையுங்கள். இத்தனை ஆண்டுகளும் குடும்ப ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லுகிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருந்திருப்பீர்கள். இன்று மாலை விளக்கேற்றி எல்லாரும் உட்கார்ந்த பிறகு, அந்தப் பெட்டியை நடுவில் கொண்டுவந்து வைத்து, அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்படி அவர்களில் ஒருவரைக் கேளுங்கள். நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள்.